வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா? ரத்தக் கொழுப்பை எப்போது அளப்பது

"இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் வாருங்கள்" என்கிறார் ஒரு மருத்துவர். "சாப்பிட்டுவிட்டே வரலாம்" என்கிறார் இன்னொருவர். இருவரும் பார்க்கச் சொல்வது அதே கொலஸ்ட்ராலையும், ட்ரைகிளிசரைடு என்ற அதே கொழுப்பையும்தான். எது சரி என்று கேட்டு எழுதும் வாசகர்களில் பலர் நாற்பதைக் கடந்தவர்கள். சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள். வீட்டில் ஒருவருக்கு மாரடைப்பு வந்த பிறகு தங்கள் ரத்தத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று முதன்முறையாக ஆய்வகத்துக்குக் கிளம்புகிறவர்கள். அவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமனி நோய்க்கான இடர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள விரும்பும் பெரும்பாலானோருக்குச் சாப்பிட்ட பிறகு எடுக்கும் பரிசோதனையே போதும். சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு அதுவே பாதுகாப்பானது. ஆனால் வெறும் வயிற்றுப் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாத சிலரும் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பதும், எந்த முறையில் எடுத்தாலும் சீட்டில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதும் கீழே வருகின்றன. கட்டுரையில் வரும் அளவுகள் அனைத்தும் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளவை.

## சாப்பிட்ட பின் ரத்தத்தில் என்ன நடக்கிறது

உணவில் உள்ள கொழுப்பு குடலில் செரித்து, கைலோமைக்ரான் எனப்படும் பெரிய துகள்களாகக் கட்டப்பட்டு, நிணநீர்க் குழாய் வழியாகக் கழுத்தடியில் உள்ள சிரையில் வந்து கலக்கிறது. சர்க்கரையும் புரதமும் முதலில் கல்லீரலுக்குப் போவதைப் போல இது போவதில்லை. கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேராகப் பொது ரத்த ஓட்டத்துக்கே வந்துவிடுகிறது. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்களின் சுவரில் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. அது துகளில் இருக்கும் ட்ரைகிளிசரைடை உடைத்து உறிஞ்சக் கொடுக்க, துகள் சுருங்கிக்கொண்டே வருகிறது. சுருங்கி எஞ்சுவதைத்தான் எச்சத் துகள் என்கிறோம்.

தமனி நோயோடு இதற்கு உள்ள தொடர்பு அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. புதிதாக வந்த கைலோமைக்ரான் மிகப் பெரியது என்பதால் தமனியின் உட்சுவருக்குள் நுழைய முடியாது. எச்சத் துகளால் நுழைய முடியும். அது 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் துகளைவிடப் பெரியதாக இருப்பதால் ஒவ்வொன்றும் அதைவிடப் பல மடங்கு கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்கிறது. சுவருக்குள் இருக்கும் மேக்ரோபேஜ் எனும் வெள்ளணு வகைச் செல்கள், எல்டிஎல்லை விழுங்குவதற்கு அது முதலில் ஆக்சிஜனேற்றம் போன்ற மாற்றத்துக்கு உள்ளாக வேண்டும். எச்சத் துகளை அவை வந்தபடியே விழுங்கிவிடும். கொழுப்பு நிரம்பி நுரைபோல் உப்பிய இந்தச் செல்களே தமனிப் படிவின் தொடக்கம். சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் கொழுப்புக்கும் தமனி நோய்க்கும் தொடர்பிருக்கலாம் என்று மோர்ட்டன் 1947-லேயே எழுதினார். அதைத் தெளிவான கருதுகோளாக முன்வைத்தவர் டொனால்டு சில்வர்ஸ்மிட், ஆண்டு 1979.

கல்லீரலும் சும்மா இருப்பதில்லை. அது விஎல்டிஎல் என்ற துகள்களைத் தயாரித்து அதே நொதியிடம் அனுப்புகிறது. ஒரே கவுண்டர் உள்ள ரேஷன் கடையில் இரண்டு தெருக்காரர்களும் வந்து நிற்பதைப் போன்ற நிலைமை இது. இன்சுலினுக்கு உடல் சரியாகக் கட்டுப்படாதவர்களிடம் கல்லீரல் விஎல்டிஎல்லை அளவுக்கு மீறி அனுப்புகிறது, வரிசை நீள்கிறது, எச்சத் துகள்கள் ரத்தத்தில் அதிக நேரம் சுற்றுகின்றன. வரிசையில் நிற்கும் நேரத்தில் அவை தம் ட்ரைகிளிசரைடை எல்டிஎல் துகள்களுக்கும், 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல் துகள்களுக்கும் கைமாற்றி, பதிலுக்குக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. அதன் விளைவாக எச்டிஎல் குறைகிறது. எல்டிஎல் சிறுத்து அடர்த்தியாகிறது. நம் ஊர்ச் சீட்டுகளில் அடிக்கடி காணும் வடிவம் இதுவே. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடந்து 2014-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வில், எச்டிஎல் குறைவாக இருந்தவர்கள் 72.3 சதவீதம், ட்ரைகிளிசரைடு மிகுந்தவர்கள் 29.5 சதவீதம், எல்டிஎல் மிகுந்தவர்கள் 11.8 சதவீதமே. எல்டிஎல் என்ற ஒரே எண்ணை மட்டும் பார்த்து "கொழுப்பு இல்லை" என்று நிம்மதியாக வீடு திரும்புவது நமக்கு ஏன் பொருந்தாது என்பதை இந்த மூன்று எண்களும் காட்டுகின்றன.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். சாப்பிட்ட மூன்று நான்கு மணி நேரத்தில் ட்ரைகிளிசரைடு உச்சம் தொட்டு, பழைய நிலைக்கு இறங்க ஆறு முதல் எட்டு மணி நேரம் எடுக்கும். இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டு முடிப்பவருக்கு அது விடிகாலைதான் அடங்கும். எட்டு மணிக்குச் சிற்றுண்டி, பதினொன்றுக்கு வடையோடு டீ, ஒன்றரைக்குச் சாப்பாடு, ஐந்து மணிக்கு மீண்டும் ஏதாவது என்று ஓடும் நாளில் ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது ஏறிவிடுகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு நாளில் உண்மையான வெறும் வயிற்று நிலை சில மணி நேரம் மட்டுமே. தமனிச் சுவர் எதிர்கொள்வது மீதி நேரத்து ரத்தத்தை.

## எவற்றை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். அந்த எண் பிற்கால மாரடைப்பையும் பக்கவாதத்தையும் எவ்வளவு நம்பகமாக முன்னறிவிக்கிறது? இன்று எடுத்ததையும் ஆறு மாதம் கழித்து எடுப்பதையும் ஒப்பிட முடியுமா? அந்த எண்ணால் சிகிச்சை பற்றிய முடிவு மாறுமா? பரிசோதனைக்கு உட்படுபவருக்கு என்ன சிரமம், என்ன ஆபத்து? பணமும் நேரமும் எவ்வளவு போகும்? இவற்றில் முதலாவதும் நான்காவதும் எனக்கு முக்கியமானவை. காரணம் போகப் போகத் தெரியும்.

## வெறும் வயிற்றுப் பரிசோதனை

ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் எடுக்காமல், காலையில் ரத்தம் கொடுப்பது இந்த முறை. பால் கலந்த காபி கூடாது. தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். பல பத்தாண்டுகளாக இதுவே வழக்கமாக இருப்பதற்கு ஒரு கணக்குச் சூத்திரமும் காரணம். 1972-இல் ஃபிரீட்வால்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சூத்திரப்படி, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடின் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் கிடைப்பது எல்டிஎல். ரத்தத்தில் கைலோமைக்ரான் இல்லை என்ற அனுமானத்தில்தான் அந்த ஐந்தில் ஒன்று என்ற கணக்கு நிற்கிறது. சாப்பிட்டவர் ரத்தத்தில் அது தடுமாறும். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் முற்றிலும் பயன்படாது. எல்டிஎல்லை நேரடியாக அளக்காத பல ஆய்வகங்களின் சீட்டுகள் இன்றும் இந்தச் சூத்திரத்தைக் கொண்டே அச்சாகின்றன.

ஆகவே இந்த முறையின் பலம் ஒப்பிடும் வசதியில் இருக்கிறது. முந்தைய சீட்டுகள் எல்லாம் வெறும் வயிற்றில் எடுத்தவை என்றால், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அதே நிலையில் மீண்டும் எடுப்பது பொருத்தமானது. ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு, உணவின் பங்கை நீக்கிவிட்டு உடலின் சொந்த நிலையைக் காண இதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. பரம்பரைக் கொழுப்புக் கோளாறு இருக்கிறதா என்று ஆராய்வதற்கும் இது தேவைப்படும்.

மறைமுகச் செலவுகளை யாரும் சீட்டில் அச்சிடுவதில்லை. முதலாவது, சர்க்கரைத் தாழ்வு. சில வருடங்களுக்கு முன் எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வழக்கமான காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் ஆய்வக வரிசையில் நின்றார். முறை வருவதற்குள் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி நாற்காலியில் சரிந்துவிட்டார். அருகில் இருந்தவர் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரால் தெளிந்தார். சாப்பிடாமல் வரச் சொன்னவர்கள், சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள் எல்லாருக்கும் இந்த ஆபத்து உண்டு.

இரண்டாவது, தள்ளிப்போடுதல். காலையில் ஆறரை மணிக்கே வேலைக்குக் கிளம்புபவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்கு மேல்தான் நிமிரும் தாய், கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வருபவர் ஆகியோருக்கு வெறும் வயிறு என்ற நிபந்தனையே பரிசோதனையை மாதக்கணக்கில் ஒத்திப்போட வைக்கிறது. எடுக்காத பரிசோதனையால் யாருடைய இடரையும் கணிக்க முடியாது. மூன்றாவது, பொய்யான நிம்மதி. வெறும் வயிற்றில் ட்ரைகிளிசரைடு 140 என்று காட்டும் இருவரில் ஒருவருக்குச் சாப்பாட்டுக்குப் பின் 170 வரையிலும், இன்னொருவருக்கு அதைவிட வெகுவாகவும் ஏறலாம். இறங்கும் வேகமும் வேறுபடலாம். வெறும் வயிற்றுச் சீட்டு இருவரையும் ஒரே தட்டில் வைக்கிறது.

## சாப்பிட்ட பிறகான பரிசோதனை

இதில் எந்த முன்தயாரிப்பும் இல்லை. வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டு, வசதிப்பட்ட நேரத்தில் ரத்தம் கொடுக்கலாம். எண்கள் தாறுமாறாகிவிடும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. கோபன்ஹேகனில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஆராய்ந்ததில், வழக்கமான உணவுக்குப் பின் சராசரியாக ஏற்படும் அதிகபட்ச மாற்றம் ட்ரைகிளிசரைடில் 26 ஏற்றம், மொத்தக் கொலஸ்ட்ராலில் 8 இறக்கம், எல்டிஎல்லில் 8 இறக்கம் என்ற அளவிலேயே இருந்தது. எச்டிஎல் பொருட்படுத்தும்படி மாறவில்லை. சீட்டில் உள்ள எண்களைத் தூக்கியெறிய இந்த வித்தியாசம் போதாது.

முன்னறிவிக்கும் திறனைப் பார்த்தால் இந்த முறை பின்தங்கவில்லை. 2007-இல் வெளியான இரண்டு ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம். கோபன்ஹேகன் நகர இதய ஆய்வில் 7,587 பெண்களும் 6,394 ஆண்களும் சராசரியாக 26 ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டார்கள். சாப்பிட்ட நிலையில் ட்ரைகிளிசரைடு 440-க்கு மேல் இருந்த பெண்களுக்கு, 89-க்குக் கீழ் இருந்தவர்களோடு ஒப்பிடும்போது, மற்ற காரணிகளைச் சரிக்கட்டிய பின்னும் மாரடைப்பு இடர் 5.4 மடங்காக இருந்தது, ஆண்களுக்கு 2.4 மடங்கு. அமெரிக்காவின் பெண்கள் உடல்நல ஆய்வில் 26,509 பேர் பங்கேற்றார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால், எச்டிஎல், இன்சுலின் எதிர்ப்பு ஆகியவற்றைச் சரிக்கட்டிய பிறகு, வெறும் வயிற்று ட்ரைகிளிசரைடுக்கும் இதய நோய்க்கும் இருந்த தொடர்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. சாப்பிட்ட நிலையில் எடுத்ததற்கு அது நீடித்தது. அதிலும் சாப்பிட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் தொடர்பு மிக வலுவாக இருந்தது.

இந்த ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிடவும் கூடாது. 68 ஆய்வுகளில் இருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டி 2009-இல் வெளியான பெரிய பகுப்பாய்வில், எச்டிஎல்லையும், எச்டிஎல் அல்லாத மற்றக் கொலஸ்ட்ராலான நான்-எச்டிஎல்லையும் கணக்கில் எடுத்த பின் ட்ரைகிளிசரைடு தனியாக எந்தக் கூடுதல் செய்தியையும் தரவில்லை. அதே பகுப்பாய்வு, வெறும் வயிறு தேவையில்லை என்றும் முடிவு சொன்னது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் கிடைக்கும் பொருள்: சாப்பிட்ட பிறகு எடுக்கலாம், ஆனால் ட்ரைகிளிசரைடு எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது.

நான்-எச்டிஎல் என்பது மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் வருவது. தமனியைக் கெடுக்கக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும், எச்சத் துகள்களுடையதும் உட்பட, அதில் அடங்கிவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். ஒருவருக்கு வெறும் வயிற்றில் மொத்தம் 212, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 220 என்று வைத்துக்கொள்வோம். சூத்திரப்படி எல்டிஎல் 130, நான்-எச்டிஎல் 174. அவரே சாப்பிட்டுவிட்டு எடுக்கையில் மொத்தம் 210, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 280 என்று வந்தால் எல்டிஎல் 116, நான்-எச்டிஎல் 172. எல்டிஎல் 14 குறைந்தது போலத் தோன்றுகிறது. நோயாளி மகிழ்ந்து போகிறார். நான்-எச்டிஎல்லோ இரண்டு மட்டுமே அசைந்திருக்கிறது. மாறியது சூத்திரத்தில் கழிக்கப்பட்ட பங்கு. உடலில் எதுவும் மாறிவிடவில்லை. சாப்பிட்ட பிறகு எடுத்த சீட்டில் நான்-எச்டிஎல்லைப் பாருங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம். அதன் இலக்கு, மருத்துவர் உங்களுக்குச் சொன்ன எல்டிஎல் இலக்கோடு 30-ஐக் கூட்டினால் வருவது. எல்டிஎல் 100-க்குள் இருக்க வேண்டியவருக்கு நான்-எச்டிஎல் 130-க்குள் இருக்க வேண்டும். அந்த 30-ம், ட்ரைகிளிசரைடின் வெறும் வயிற்று எல்லையான 150-இல் ஐந்தில் ஒரு பங்குதான்.

இதன் மறைமுகச் செலவு, "வழக்கமான உணவு" என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. மேற்சொன்ன 26 என்ற ஏற்றம் டென்மார்க்கு மக்களின் அன்றாட உணவுக்குக் கிடைத்த சராசரி. இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு வருபவருக்கும், கல்யாணப் பந்தியிலிருந்து நேராக வருபவருக்கும் அதே கணக்கு பொருந்தாது. இதில் பலரும் அறியாத ஒரு நுட்பமும் உண்டு: முந்தைய வேளைக் கொழுப்பில் ஒரு பகுதி குடல் செல்களிலேயே தங்கியிருந்து, அடுத்த வேளை சாப்பிடத் தொடங்கியதும் வெளியே வருகிறது. நேற்றிரவு பத்து மணிக்குச் சாப்பிட்ட பிரியாணி இன்று காலை இட்லிக்குப் பின் ரத்தத்தில் எட்டிப் பார்க்கும். பரிசோதனைக்கு முந்தைய நாளும் சாதாரண நாளாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மது அருந்தியிருந்தால் ட்ரைகிளிசரைடு மேலும் ஏறும். சில நாள்கள் இடைவெளி விட்டு எடுப்பது நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சாப்பிட்ட முதல் சில மணி நேரத்தில் எல்டிஎல் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாக இறங்கிக் காட்டும். உணவோடு குடிக்கும் தண்ணீரால் ரத்தம் நீர்ப்பதே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

டென்மார்க்கு 2009 முதல் சாப்பிட்ட பிறகான பரிசோதனையையே வழக்கமாக்கியது. 2016-இல் ஐரோப்பியத் தமனித்தடிப்புக் கழகமும் ஐரோப்பிய ஆய்வக மருத்துவக் கூட்டமைப்பும் கூட்டாக அதையே பரிந்துரைத்தன. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இடர் மதிப்பீட்டுக்கு இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐரோப்பியப் பரிந்துரைப்படி சாப்பிட்ட நிலையில் ட்ரைகிளிசரைடு 175-ஐத் தொட்டால் அதிகம். வெறும் வயிற்றில் அதே எல்லை 150. சாப்பிட்ட நிலையில் 440-ஐத் தாண்டினால் வெறும் வயிற்றில் மறுபடி எடுக்க வேண்டும்.

## அப்போ-பி

கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, அதைச் சுமக்கும் துகள்கள் எத்தனை என்று எண்ணுவது இந்த முறை. தமனியைக் கெடுக்கும் ஒவ்வொரு துகளிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருக்கும். குடலிலிருந்து வரும் துகளில் அதன் குறுகிய வடிவமும், கல்லீரலிலிருந்து வரும் துகளில் முழு வடிவமும். ஆகவே புரதத்தை அளந்தால் துகள்களின் எண்ணிக்கை தெரிந்துவிடும். சாப்பாட்டால் இந்த எண் ஏறக்குறைய அசைவதே இல்லை. எந்த வேளையிலும் எடுக்கலாம்.

ட்ரைகிளிசரைடு மிகுந்து, எச்டிஎல் குறைந்து, எல்டிஎல் மட்டும் ஒழுங்காகத் தெரியும் நம் ஊர் வடிவத்துக்கு இது மிகவும் பொருந்தும். சிறுத்த எல்டிஎல் துகள் ஒவ்வொன்றும் குறைவான கொலஸ்ட்ராலைச் சுமப்பதால், எல்டிஎல் எண் நல்லபடியாக இருந்தும் துகள்கள் கூட்டமாக இருக்கலாம். அப்போ-பி அதை வெளிக்கொண்டு வருகிறது. அமெரிக்க வழிகாட்டுதல் 2018-இல் 130-ஐயும் அதற்கு மேற்பட்டதையும் இடரைக் கூட்டும் காரணியாகக் கொண்டது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், மிக அதிக இடர் உள்ளவர்களுக்கு 65-க்குக் கீழ், அதிக இடர் உள்ளவர்களுக்கு 80-க்குக் கீழ் என்று இலக்கு வைத்தது.

துகளை எண்ணுவது ஏன் முக்கியம் என்பதற்கு 2022-இல் வெளியான புராமினென்ட் பரிசோதனை நல்ல சான்று. சர்க்கரை நோயும் மிகுந்த ட்ரைகிளிசரைடும் உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பெமாஃபைப்ரேட் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ட்ரைகிளிசரைடும் எச்சக் கொலஸ்ட்ராலும் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தன. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அப்போ-பி இறங்கவில்லை, சற்று ஏறவே செய்தது. எச்சத் துகள்கள் அழிக்கப்படாமல் எல்டிஎல்லாக உருமாறினால் தமனிக்கு லாபமில்லை என்று இதை விளக்குகிறார்கள். மறுபுறம், அப்போ-சி3 என்ற புரதத்தின் மரபணு பிறவியிலேயே செயலிழந்தவர்களுக்கு ட்ரைகிளிசரைடு சுமார் 40 சதவீதம் குறைவாகவும், இதயத் தமனி நோய் இடரும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைவாகவும் இருந்ததை 2014-இல் வந்த ஆய்வுகள் காட்டின. எச்சத் துகள் குற்றமற்றது என்று சொல்லிவிட முடியாது. அதைக் குறைக்கும் வழி எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மறைமுகச் செலவு: வழக்கமான கொழுப்புப் பரிசோதனைத் தொகுப்பில் இது சேர்ந்திருப்பதில்லை, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும், சிறிய ஆய்வகங்கள் மாதிரியை வெளியே அனுப்புவதால் நாளும் ஆகும். மூன்றாம் வகை எனப்படும் அரிதான பரம்பரைக் கோளாறில் எச்சத் துகள்கள் எண்ணிக்கையில் குறைவாகவும் கொலஸ்ட்ராலில் மிகுந்தும் குவிவதால், அப்போ-பி மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அங்கே மொத்தக் கொலஸ்ட்ராலையும் ட்ரைகிளிசரைடையும் உடன் பார்த்தாக வேண்டும்.

## கொழுப்பு உணவுச் சோதனை

சர்க்கரைக்குக் குளுக்கோஸ் கரைசல் குடித்துப் பார்ப்பதைப் போல, அளவிட்ட கொழுப்பு உணவைக் கொடுத்து ட்ரைகிளிசரைடு எவ்வளவு ஏறுகிறது என்று காண்பது இது. 2011-இல் நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தபடி 75 கிராம் கொழுப்பு, 25 கிராம் மாவுச்சத்து, 10 கிராம் புரதம் கொண்ட உணவைக் கொடுத்து நான்கு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். 220-க்கு மேல் போனால் நல்லதல்ல. வெறும் வயிற்றில் 89 முதல் 180 வரை உள்ளவர்களுக்கே இதனால் புதிதாக எதையேனும் அறியலாம் என்றும் அக்குழு சொன்னது. அதற்கு மேல் உள்ளவர்களின் விடை முன்பே தெரிந்ததுதான்.

75 கிராம் கொழுப்பு என்பது ஐந்து மேசைக்கரண்டிக்கும் சற்று அதிகமான எண்ணெய். குமட்டும், பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கு வலி வரலாம், அரை நாள் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த எண்ணால் இன்று எந்தச் சிகிச்சை முடிவும் மாறுவதில்லை. ஆராய்ச்சிக்கு அருமையான கருவி. சொந்தப் பணத்தில் தேடிப்போக வேண்டியதில்லை.

## பக்கம் பக்கமாக

| அளவுகோல் | வெறும் வயிறு | சாப்பிட்ட பிறகு | அப்போ-பி | கொழுப்பு உணவுச் சோதனை |
|---|---|---|---|---|
| இடரை முன்னறிதல் | நன்று | குறைவில்லை. ட்ரைகிளிசரைடில் மேல் | மிக நன்று | பெரிய நீண்டகாலச் சான்று இல்லை |
| பழைய சீட்டோடு ஒப்பிடுதல் | எளிது | நான்-எச்டிஎல்லை வைத்து எளிது | எளிது | கடினம் |
| சிகிச்சை முடிவை மாற்றுமா | ஆம் | ஆம் | ஆம் | அரிது |
| சிரமமும் ஆபத்தும் | சர்க்கரைத் தாழ்வு, தள்ளிப்போடுதல் | ஏறக்குறைய இல்லை | இல்லை | குமட்டல், அரை நாள் |
| செலவு | வழக்கமானது | வழக்கமானது | கூடுதல் | மிகுதி. கிடைப்பது அரிது |

## யாருக்கு எது

முதன்முறையாகப் பார்ப்பவர், முகாமில் பார்ப்பவர், இன்சுலினோ சர்க்கரைத் தாழ்வு உண்டாக்கும் மாத்திரையோ எடுப்பவர், முதியவர், குழந்தை ஆகியோர் சாப்பிட்ட பிறகே எடுக்கலாம். சர்க்கரைக்காகச் சாப்பிடும் முன்னும் பின்னும் ரத்தம் கொடுக்கப் போகிறவர்களுக்கு வேறொரு வசதி உண்டு: முதல் ஊசியிலேயே கொழுப்புக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லிவிட்டால் வெறும் வயிற்று எண்ணும் கிடைத்துவிடும், இதற்கென்று இன்னொரு நாள் பட்டினி இருக்க வேண்டாம்.

சாப்பிட்ட நிலையில் ட்ரைகிளிசரைடு 440-க்கு மேல் வந்தவர்களும், மிகுந்த ட்ரைகிளிசரைடுக்கு ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களும், அதனால் கணைய அழற்சி வந்து மீண்டவர்களும், ஸ்டீராய்டு, ஈஸ்ட்ரோஜன், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் போன்று ட்ரைகிளிசரைடைக் கடுமையாக ஏற்றக்கூடிய மருந்து தொடங்க இருப்பவர்களும் வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். 880-ஐத் தாண்டியவர்களுக்குத் தமனியைவிடக் கணையம் பற்றிய கவலை முந்திக்கொள்கிறது. அவர்கள் மறுபரிசோதனைக்காக வாரக்கணக்கில் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தப் பட்டியலில் சர்க்கரை மருந்து எடுப்பவரும் இருக்கக்கூடும். அவர் முதல் நாளே மருத்துவரிடம் காலை மாத்திரை பற்றிக் கேட்டுக்கொண்டு, ஆய்வகத்தில் முதல் ஆளாக ரத்தம் கொடுத்து, கையோடு உணவும் கொண்டு போக வேண்டும்.

சர்க்கரை நோய், தொப்பை, கல்லீரல் கொழுப்பு, குறைந்த எச்டிஎல், இளம் வயதிலேயே மாரடைப்பு கண்ட குடும்பம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்து, எல்டிஎல் மட்டும் நல்லபடியாக இருக்கிறது என்றால், கையில் கொஞ்சம் பணம் உள்ளவர்கள் அப்போ-பியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நியாயமான செலவு. பணம் இல்லையென்றால் நான்-எச்டிஎல் போதும். அதற்குத் தேவையான இரண்டு எண்களும் உங்கள் சீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு கழித்தல் கணக்குத்தான் வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு சிறு வேலைகளை நீங்களே செய்துகொள்ளுங்கள். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்பதைச் சீட்டின் மூலையில் எழுதி வையுங்கள், "காலை 8:15, நான்கு இட்லி, ரத்தம் எடுத்தது 11:00" என்ற ஒரு வரி போதும். அடுத்த முறையும் முடிந்தவரை அதே நிலையில், அதே ஆய்வகத்தில் எடுங்கள். மருத்துவரிடம் கொண்டு போகும்போது பழைய சீட்டுகளையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். எல்டிஎல்லுக்குப் பக்கத்தில் நான்-எச்டிஎல்லைப் பேனாவால் எழுதியிருந்தால், இரண்டு நிமிடங்களே கிடைக்கும் அந்தச் சந்திப்பிலும் உங்களுடைய எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவரால் ஒரே பார்வையில் சொல்ல முடியும்.